விழுந்தவருக்கு யார் பொறுப்பு?

கொம்பனித்தெருவில் பேர வாவிப் பக்கம் நடந்தால் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு உயரமான மாடிகள். கொழும்பில் இப்படி எழும்பும் கட்டிடங்களில் மலையகத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருந்து வந்த எங்கள் பிள்ளைகளின் உழைப்பும் உண்டு.

சென்ற மாதம் கிளிநொச்சிப் பக்கத்து அக்கா ஒருவருடன் அங்குள்ள வேலைத்தளம் ஒன்றுக்குப் போனேன். யுத்தத்தில் கணவரை இழந்து தனியாக வளர்த்த மூத்த மகன், சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். செத்தவீட்டுக்கு வந்த சிறு கொந்தராத்துக்காரர், உறையில் கொஞ்சப் பணம் கொடுத்து, சிங்களத்தில் எழுதிய கடதாசியில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்.

"இதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு சொன்னவர், பிள்ளை" என்றார் அக்கா.

முடியவில்லை, சகோதரிகளே. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணத்துக்கான நட்டஈட்டை முதலாளி ஆணையாளரிடம்தான் வைப்புச் செய்ய வேண்டும். கையில் நேரே கொடுத்தது நட்டஈடாகாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக வாங்கிய கையெழுத்தும் செல்லாது. வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வாய்ப்பேச்சு மட்டுந்தான் என்றாலும் பாதகமில்லை.

வேலைத்தளத்தில் எங்களுக்கு ஒரு காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டினார்கள். 'ஒப்பந்தகாரர் சகல இடர்க் காப்புறுதி' என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு நானும் ஆறுதலடைந்தேன். பட்டதாரியாக இருந்தென்ன, காப்புறுதி மொழி எனக்கும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான். பிறகு விசாரித்தபோதுதான் விளங்கியது. அது கட்டப்படும் கட்டிடத்துக்கும், வெளியாருக்கு ஏற்படும் சேதத்துக்குமே உரியது. 2017 மே 18இல் வெள்ளவத்தையில் சவோய் திரையரங்குக்கு அருகே கட்டிடம் இடிந்தது நினைவிருக்கும். அப்படி இடிந்து அயல்வீடு சேதமானால் இந்தப் பத்திரம் உதவலாம். ஆனால் ஒப்பந்தகாரரின் சொந்தத் தொழிலாளி இதில் சேரமாட்டார். அவருக்குத் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி வேறாக எடுக்க வேண்டும். 'சகல' என்ற சொல்லை யார் வைத்தார்களோ!

அந்த வேறு காப்புறுதிக்கான கட்டுப்பணம் சம்பளத் தொகையைப் பொறுத்தது. அதனால் ஆட்களையும் சம்பளத்தையும் குறைத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நட்டஈடும் சம்பளத்தை வைத்தே கணிக்கப்படுவதால் இழப்பு எங்களுக்குத்தான். 2022 திருத்தம் நட்டஈட்டின் உச்ச எல்லையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. ஆனால் சம்பளத்துக்குச் சான்று இல்லாவிட்டால் அதைக் கேட்டு வாங்குவது கடினம்.

காப்புறுதியே இல்லாவிட்டாலும் முதலாளியின் பொறுப்பு போகாது. சிறு கொந்தராத்துக்காரர் கைவிரித்தால், அவருக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்த பெரிய ஒப்பந்தகாரரிடம் கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு. அதனால் வாசல் பலகையில் இருந்த நிறுவனத்தின் பெயரைக் குறித்துக்கொண்டோம். மகனின் கைத்தொலைபேசியில் மேசன் பாஸ் சம்பளம் பற்றி அனுப்பிய செய்திகள் இருந்தன. அவற்றையும் மரணச் சான்றிதழையும் வைத்து, இருவரின் பெயரையும் எழுதி ஆணையாளருக்கு மனு தயாரித்தோம். விசாரணைக்கு இன்னும் அழைக்கவில்லை.

இளைய மகன் கொட்டாஞ்சேனையில் ஒரு கட்டிடத்தில் கம்பி கட்டுகிறான். அன்றிரவே அவனுக்கு அழைப்பெடுத்து அக்கா கேட்டார்: "தம்பி, அங்க சம்பளப் புத்தகத்தில உன்ர பேர் இருக்கோ? நாளைக்குப் பார்த்துச் சொல்லு."