படகிலே ஒரு ராத்தங்கல் — இருவர் மட்டும்!

"படகிலே ராத்தங்கலா? அதெல்லாம் வசதி உள்ளவங்க சமாசாரம், நமக்கெதுக்கு?" என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் சொன்னேன். பென்னாகரத்தில் பிறந்து, பென்னாகரத்திலேயே வாழ்க்கைப்பட்டு, ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினால்கூடக் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறவள் நான். எங்கள் கல்யாணத்தின் 25ஆவது வருஷத்துக்கு, கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஆலப்புழையில் ஒரு படகு வீட்டை ஒரு ராத்திரிக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். "அம்மா, நீயும் அப்பாவும் மட்டும் போய்ட்டு வாங்க. தம்பியை நான் வந்து பார்த்துக்கிறேன்" என்று அவள் போனில் சொன்னபோது, சந்தோஷத்தைவிடக் கவலைதான் எனக்கு அதிகமாக வந்தது.

என்ன கவலை? படகு கவிழுமா என்பதல்ல. "பாத்ரூம் எப்படி இருக்குமோ?" என்பதுதான்! சிரிக்காதீர்கள், சகோதரிகளே. பஸ் பயணம், கோயில் பயணம், கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு முதல் கவலை இதுதானே? அதற்கு நாம் கண்டுபிடித்து வைத்திருக்கும் வைத்தியம் என்ன? காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது! அந்த வைத்தியம் எனக்கு என்ன விலை வைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மீன்காரம்மாவின் யோசனை

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி உண்டு. நாகமரைப் பக்கம், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பரிசலில் போய் மீன் பிடிக்கிறார்கள். ஒருவர் துடுப்பு போட, மற்றவர் வலை விடுவார். பொழுது சாயும் நேரத்தில் வலையை விட்டுவிட்டு, விடியற்காலையில் போய் எடுப்பார்கள். நடுவில் இருக்கும் ராத்திரி கரையோரத்திலோ, பரிசலிலேயோ கழியும். மூங்கிலால் பின்னி, அடியில் பிளாஸ்டிக் தாளும் தாரும் பூசிய அந்த வட்டக் கூடைதான் அவர்களுக்குப் படகு, பாதி நாள் வீடும் அதுதான்.

அவளிடம் என் கவலையைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாள். "அக்கா, பரிசல்ல ரெண்டு பேருக்குத்தான் எடம். வெக்கத்துக்கு எடமில்ல. எனக்குக் கரைக்குப் போகணும்னா ‘ஒதுக்குய்யா’ன்னு சொல்லிப்புடுவேன். சொல்லாம இருந்தா அந்தாளுக்கு எப்படித் தெரியும்? வெளிச்சம் இருக்கிறப்பவே சாப்பாடு, படுக்கை, ஒதுங்குறது எல்லாத்தையும் முடிச்சிரணும். இருட்டுல தேடக் கூடாது" என்றாள்.

பத்தாவது வரை படித்த நான், அவள் சொன்னதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன்!

நெல் சுமந்த படகு

சேலத்தில் ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் ஆலப்புழை. பகல் 12 மணிவாக்கில் படகு ஏறினோம். ஒரே ஒரு படுக்கையறை, முன்னால் உட்கார ஒரு திண்ணை, பின்னால் சமையலறை. ஓட்டுகிறவர், சமையற்காரர் என்று இரண்டு ஆட்கள்.

இந்தப் படகுக்குக் கெட்டுவள்ளம் என்று பெயர். ‘கெட்டு’ என்றால் நம்முடைய ‘கட்டு’தான். ஆணியே அடிக்காமல், ஆஞ்சிலி மரப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டுவதால் அந்தப் பெயர். முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெயைப் பூசிக் கறுப்பாக்குவார்கள். ரோடும் லாரியும் வருவதற்கு முன், குட்டநாட்டு நெல்லும் மலைச் சரக்கும் இந்தப் படகுகளில்தான் போயிற்று. அன்றைக்கு எஞ்சின் ஏது? காற்று வந்தால் பாய் விரிப்பார்கள்; இல்லாவிட்டால் நீள மூங்கிற்கழியை ஊன்றித் தள்ளுவார்கள். நாள்கணக்கில் போகும் பயணம் என்பதால் சமையலும் தூக்கமும் படகிலேயேதான். லாரி வந்ததும் சும்மா கிடந்த வள்ளங்களை 1990களில் தங்கும் வீடுகளாக மாற்ற ஆரம்பித்தார்கள்.

குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிறது! வாய்க்கால் தண்ணீர் மேலே, வயல் கீழே. வரப்புதான் அணை. இந்த விவசாய முறையை ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு 2013இல் உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாகச் சேர்த்தது. மழைக்காக வானத்தைப் பார்த்துக் கேழ்வரகு போடும் ஊரிலிருந்து போன எங்கள் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்துப் பார்த்து மாளவில்லை.

என் அசட்டுத்தனம்

சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் படகைக் கரையோரமாகக் கட்டிவிட்டார்கள். ராத்திரி மீனவர்கள் வலை விடும் நேரம். வலை அறுந்துவிடக் கூடாது என்பதற்காக அதற்குமேல் படகு நகரக் கூடாதாம். நியாயம்தானே!

பாத்ரூம் படுக்கையறைக்குள்ளேயே, சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சுவர் என்று பேர், மெல்லிய பலகை. அந்தப் பக்கம் சமையலறையில் இரண்டு ஆண்கள் பேசுவது அப்படியே கேட்டது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டால், நான் தண்ணீர் ஊற்றுவது அவர்களுக்குக் கேட்காதா? எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "இப்ப வேண்டாம், அவங்க தூங்கட்டும்" என்று அடக்கிக்கொண்டேன். ரயிலிலும் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. மதியமும் ஒரு டம்ளரோடு சரி. ஏரிமேல் நிலா எழும்புகிறது, "பார், பார்" என்கிறார் அவர். நானோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"என்ன, படகு பிடிக்கலையா? பிள்ளை ஆசையா அனுப்பிச்சிருக்கா, இப்படி மூஞ்சியை வச்சுக்கிட்டிருக்கியே" என்று அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு அழுகை வந்தது. கடைசியில் ராத்திரி பத்து மணிக்கு வாயைத் திறந்து சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு நேரம்? முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்று எழுந்து போய், அந்த இரண்டு பேரையும் படகின் முன்பக்கம் அழைத்துப் போய் உட்காரவைத்து, குட்டநாட்டு விவசாயத்தைப் பற்றிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரம்! அவ்வளவுதான் விஷயம். மீன்காரம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் உடம்பு விடுமா? ஊர் திரும்பிய மறுநாள் நீர் கழிக்கும்போது எரிச்சல், பிறகு குளிர் ஜுரம். டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டையானது. அதனால் கிருமி சுலபமாக உள்ளே ஏறிவிடுகிறது. தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கினால் கிருமி உள்ளேயே பெருகுகிறது. எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, அடிவயிற்று வலி இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். குளிர் ஜுரமும் விலாப்புற முதுகு வலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகம் வரை போயிருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் சர்க்கரை வியாதிக்காரர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையைத் தானாகப் போட்டுக்கொள்வதும், இரண்டு நாளில் சுகமானதும் மருந்தை நிறுத்துவதும் தப்பு.

இரண்டு பேருக்கு இருபத்துநான்கு அடி

மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது ஒரு வெளிநாட்டுத் தம்பதியின் கதையைச் சொன்னாள். லின் பார்டி, லாரி பார்டி என்று பெயர். தாங்களே கட்டி 1968இல் தண்ணீரில் இறக்கிய அவர்களுடைய பாய்மரப் படகின் நீளம் 24 அடி 4 அங்குலம்தான். எஞ்சினே கிடையாது. அதில் இருவரும் 11 வருஷம் உலகத்தைச் சுற்றி வந்தார்கள்! அந்த அம்மாள், படகில் சமைப்பது, சாமான் சேர்த்து வைப்பது, கூட வருகிறவர்களை நன்றாகக் கவனித்துக்கொள்வது பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

நம் நாட்டுப் பெண்கள் மட்டும் சளைத்தவர்களா? கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள் கோழிக்கோட்டு தில்னாவும் புதுச்சேரி ரூபாவும், இருவர் மட்டுமாக, ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2இல் கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே 29இல் திரும்பினார்கள். எட்டு மாதம்! ஒரு ராத்திரிக்கே மூஞ்சியைத் தூக்கிய நான் எங்கே, அவர்கள் எங்கே!

படகில் தங்கப் போகிறீர்களா?

நான் பட்டும் கேட்டும் தெரிந்துகொண்டவை இவை. படகு வீடானாலும் சரி, சின்னப் பாய்மரப் படகானாலும் சரி, பொருந்தும்.

*மூட்டை:* பெட்டி வேண்டாம், துணிப் பைதான் நல்லது. காலியானதும் மடித்துச் செருகிவிடலாம். ஆளுக்கு ஒரு பை, ஆளுக்கு ஒரு டார்ச். மூக்குக் கண்ணாடி, மாத்திரை, சீப்பு வைக்க அறைகள் தைத்த துணிப்பை ஒன்றை ஆணியில் மாட்டிவிடுங்கள். சின்ன இடத்தில் பாதிச் சண்டை "எங்கே வச்சே?" என்பதில்தான் ஆரம்பிக்கிறது.

*உடை:* ஏறும்போது புடவைக் கொசுவம் காலில் தட்டும். சுடிதார் உத்தமம், புடவைதான் என்றால் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். காலை விளிம்பில் வைக்காமல் நடுவில் வைத்து ஏறுங்கள். உப்புத் தண்ணீரில் நனைந்த துணியை நல்ல தண்ணீரில் அலசினால்தான் முழுக்கக் காயும். உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

*பாத்ரூம்:* பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: அறைக்குள்ளேயே உண்டா? கழிவு தொட்டியில் சேர்கிறதா, தண்ணீரில் விடுகிறார்களா? அந்தத் தண்ணீரில்தான் கரையோரத்துப் பெண்கள் பாத்திரம் கழுவித் துணி துவைக்கிறார்கள். பாத்ரூம் இல்லாத சின்னப் படகென்றால், மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியும் கொஞ்சம் மரத்தூளும், குறுக்கே கட்ட ஒரு பழைய போர்வையும் போதும். எது இருந்தாலும், எப்போது யார் வெளியே இருப்பது என்று இருவரும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

*சாப்பாடு:* ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடியுங்கள். காரம், எண்ணெய் குறைவாக. நானே கட்டிக்கொண்டு போன புளிச்சோறும் கேழ்வரகு அடையும் கைகொடுத்தன. நீங்களே சமைப்பதானால் ஒரே பாத்திரத்தில் ஆகும் சமையல்தான் லாயக்கு. ஒரு பிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும்.

*கேஸ்:* இது முக்கியம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிடலாம். படகிலோ அது அடித்தட்டில் போய்த் தேங்கிவிடும். சமையல் முடிந்ததும் சிலிண்டரிலேயே மூடிவிட வேண்டும். மூடிய அறைக்குள் கரி அடுப்போ, கொசுவர்த்திச் சுருளோ வேண்டவே வேண்டாம்.

*தூக்கம்:* ஆறு மணிக்கு முன்பே ஜன்னல் வலையை மூடி, கொசுவலையைக் கட்டிவிடுங்கள். இரண்டு பேர் விடும் மூச்சே சின்ன அறையில் ஈரமாகப் படியும். எதிரெதிராக இரண்டு ஜன்னல் வலையோடு திறந்திருந்தால் புழுக்கம் இராது. மெத்தைக்கு அடியில் ஒரு தென்னை நார்ப் பாய் விரித்தால் அடியில் ஈரம் கோக்காது. பாய்மரப் படகானால், காற்றில் கயிறு மரத்தில் அடித்து ‘டக் டக்’ என்று சத்தம் போடும். படுக்கும் முன் இழுத்து விலக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

*தலைச்சுற்றல்:* படகின் நடுப்பகுதியில்தான் ஆட்டம் குறைவு. அங்கே உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பாருங்கள், புத்தகம் படிக்காதீர்கள். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டுப் புறப்படும் முன்பே போட வேண்டும்.

*பத்திரம்:* 2023 மே 7இல் கேரளத்தின் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். மிதவைச் சட்டை எத்தனை இருக்கிறது, நமக்குச் சேருகிறதா என்று ஏறியதும் போட்டுப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள். ராத்திரியில் ஒருவரை எழுப்பாமல் மற்றவர் விளிம்புப் பக்கம் போகக் கூடாது.

கடைசியாக ஒன்று

ஜுரத்தில் படுத்திருந்த நான்கு நாளும் அவர்தான் கஞ்சி வைத்தார். மணிக்கொரு தடவை ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டி, "குடி. வேணும்னா சொல்லு, நான் போய் விவசாயம் பேசிட்டு வர்றேன்" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

25 வருஷம் நான்கு அறை வீட்டில் இருந்தோம். பிடிக்காவிட்டால் நான் சமையலறைக்குப் போய்விடுவேன், அவர் திண்ணைக்குப் போய்விடுவார். படகில் போக இடமில்லை. அதனால்தான் கடைசியில் சொல்லவேண்டியதாயிற்று. சொன்னதும் தீர்ந்தது. "அவருக்கே தெரியாதா?" என்று எத்தனை விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு நாமே அவதிப்படுகிறோம்! படகுக்குப் போகிறீர்களோ இல்லையோ, இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

போன வாரம் மீன்காரம்மா வந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு கட்லாவை எடைக்கு மேலேயே போட்டுவிட்டு, "நான்தான் அன்னிக்கே சொன்னேனில்லக்கா?" என்றாள்.