நிறுவும்போது கணினிக்குள் நடப்பது என்ன?

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் 'பழுது' என்று ஓரமாக வைக்கப்படும் கணினிகளில் சில உண்மையில் பழுதானவை அல்ல. இயக்க அமைப்பைப் புதிதாக நிறுவிய பிறகு ஒலி வராது, வைஃபை தெரியாது. பாகம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வதற்குமுன், நிறுவும்போது உள்ளே நடப்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

விண்டோஸ், உபுண்டு, பாஸ் லினக்ஸ் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். பென் டிரைவிலிருந்து இயக்க அமைப்பின் மையப் பகுதியான கெர்னல் முதலில் நினைவகத்துக்கு வருகிறது. அது மதர்போர்டின் இணைப்புத் தடங்களில் உள்ள ஒவ்வொரு கருவியிடமும் "நீ யார்?" என்று கேட்கிறது. கருவி தன் பெயரைச் சொல்வதில்லை, எண்களைச் சொல்கிறது. ஒன்று தயாரிப்பாளர் எண், மற்றொன்று கருவி எண். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட செயலியின் பெயரும் அதுவே.

என் மாணவர்களுக்கு இதை எமிஸ் எண்ணைக் கொண்டு விளக்குவேன். ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தாலும் எமிஸ் எண் வேறு. அதுபோல, ஒரே மாடல் பெயருள்ள இரு மடிக்கணினிகளில் வெவ்வேறு வைஃபை சில்லுகள் இருக்கலாம். எண்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

கருவியை இயக்கும் மென்பொருளே டிரைவர். ஒவ்வொரு டிரைவரும் தான் இயக்கக்கூடிய கருவிகளின் எண்பட்டியலை வைத்திருக்கிறது. எண் பொருந்தினால் அந்த டிரைவர் ஏற்றப்படும். விசைப்பலகை, மவுஸ், பென் டிரைவ் போன்றவை "நான் இந்த வகை" என்றும் சொல்வதால், பொதுவான டிரைவரே அவற்றுக்குப் போதும்.

சிக்கல் பெரும்பாலும் மூன்று இடங்களில் வருகிறது.

1. எண்ணுக்கு உரிய டிரைவர் இல்லை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி தெரியும்.

2. டிரைவர் உண்டு, ஆனால் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லை. லினக்ஸில் சில வைஃபை சில்லுகள் இதனால்தான் இயங்குவதில்லை.

3. சேமிப்பகத்துக்கான டிரைவர் இல்லை. இன்டெல் செயலியுள்ள சில புதிய கணினிகளில் விண்டோஸை நிறுவும்போது வன்தட்டே பட்டியலில் வராது. வன்தட்டு போய்விட்டது என்று பொருளல்ல. 'லோட் டிரைவர்' வழியே உரிய டிரைவரைக் கொடுத்தால் தெரியும்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. உபுண்டுவை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயக்கி, ஒலி, வைஃபை, கேமரா ஆகியவற்றைச் சோதிக்கலாம். விண்டோஸில், மஞ்சள் குறியுள்ள கருவியின் பண்புகளில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' பகுதியைத் திறந்து எண்களைக் குறித்துக்கொண்டு, கணினி தயாரிப்பாளரின் தளத்தில் டிரைவரைத் தேடலாம். வைஃபை இல்லையென்றால் கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் இதற்குத் தனி டிரைவர் தேவைப்படாது.

நிறுவுவதற்குமுன் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துவிட வேண்டும். உத்தரவாதக் காலத்தில் உள்ள கணினியைச் சேவைப் பொறியாளரிடமே விட வேண்டும்.

இருப்புப் பதிவேட்டில் கணினியின் வரிசை எண்ணுக்கு அருகே வைஃபை, ஒலி, திரைச் சில்லுகளின் எண்களையும் எழுதி வைக்கலாம். அடுத்த முறை நிறுவும் ஆசிரியருக்குப் பாதி வேலை குறையும்.