ஊருக்கு வெளியே ஒரு வீடு: உங்கள் குடும்பத்துக்கு ஒத்து வருமா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். இரண்டும் எளிதல்ல என்பது அதன் பொருள். ஆனால் வீட்டைக் கட்டுவதற்கு முன்னே இன்னொரு வேலை இருக்கிறது. எந்த ஊரில் குடியேறுவது என்று முடிவு செய்ய வேண்டும். அதில் தவறிவிட்டால், எவ்வளவு நல்ல வீடு கட்டினாலும் நிம்மதி இருக்காது.

சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் பல இன்று தெற்கே பார்க்கின்றன. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ரயில் பாதை ஓரமாகவே ஊர்கள் வளர்ந்து வருகின்றன. முன்பு நெல் விளைந்த இடத்தில் இப்போது மாடி வீடு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனை பார்க்க வேனில் ஆட்களை அழைத்துப் போகிறார்கள்.

இவை நல்ல ஊர்களா? இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒரு குடும்பத்துக்குப் பொருந்துகிற ஊர், இன்னொரு குடும்பத்துக்குப் பொருந்தாது. ஊரை மட்டும் பார்த்தால் போதாது. ஊரையும் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாட்டி கேட்ட கேள்வி

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். பெயர் வேண்டாம். எல்லாத் தெருவிலும் இருக்கும் குடும்பம்தான். குடியிருப்பது சைதாப்பேட்டையில். கணவனுக்குப் பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. மனைவி வீட்டிலேயே தையல் தைக்கிறாள். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. இளையவன் மூன்றாம் வகுப்பு. கூடவே வயதான தாயார். அவருக்கு மூச்சுத் திணறல் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை பார்க்கப் போகிறார்கள். வெயில் இதமாக இருக்கிறது. காற்று வீசுகிறது. பையன் ஓடி விளையாடுகிறான்.

"என்னங்க, இடம் நல்லாத்தான் இருக்கு" என்கிறாள் மனைவி.

"பள்ளிக்கூடம் பக்கத்திலேயே வரப் போகுது. பெரிய ரோடும் வரப் போகுது" என்கிறார் தரகர்.

தாயார் மட்டும் மகனைத் தனியே கூப்பிடுகிறார்.

"ஏம்பா, ராத்திரியிலே எனக்கு மூச்சு முட்டினா எங்கே கூட்டிக்கிட்டுப் போவே?"

தரகரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இதற்கு இல்லை. மகனிடமும் இல்லை. இந்த மாதிரிக் கேள்விகளைத்தான் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

ஆண்டுக்கு 25 நாள்!

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள்.

சைதாப்பேட்டையிலிருந்து கடற்கரை நிலையத்துக்கு ரயிலில் ஏறக்குறைய 25 நிமிடம். நடப்பது, காத்திருப்பது எல்லாம் சேர்த்து 50 நிமிடத்தில் வேலைக்குப் போய்விடலாம். கூடுவாஞ்சேரியிலிருந்து போனால் ரயிலில் மட்டும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். மனை நிலையத்துக்குப் பக்கத்தில் இல்லை. ஷேர் ஆட்டோவுக்குக் கால் மணி. காத்திருக்க, நடக்க இன்னும் 20 நிமிடம். மொத்தம் 110 நிமிடம்.

ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் கூடுதல். போக வர 2 மணி நேரம். மாதம் 25 நாள் வேலை என்றால் 50 மணி நேரம். ஆண்டுக்கு 600 மணி நேரம். இரவும் பகலும் சேர்த்துக் கணக்கிட்டால் 25 முழு நாட்கள்!

மனையின் விலை பத்திரத்தில் இருக்கிறது. இந்த 25 நாள் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அப்பா வீடு திரும்பும்போது பையன் தூங்கிவிடுவான். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க நேரம் இருக்காது. இதையும் விலையோடு சேர்க்க வேண்டும்.

ஆனால் மறைமலைநகரில் தொழிற்சாலை வேலை பார்ப்பவருக்கு இதே கூடுவாஞ்சேரி வரப்பிரசாதம். பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் தாண்டினால் வேலை இடம். அவர் நேரத்தை இழக்கவில்லை. சம்பாதிக்கிறார். ஒரே ஊர்தான். ஒருவருக்கு இழப்பு, மற்றவருக்கு லாபம்.

ஆகவே மனை பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். வேலை நாளில் காலை 8 மணிக்கு அந்த நிலையத்தில் நின்று பாருங்கள். ரயிலில் ஏற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு 9 மணிக்கு நிலையத்திலிருந்து மனை வரை நடந்தும் பாருங்கள். தெரு விளக்கு எரிகிறதா? உங்கள் மகள் தனியாக நடந்து வர முடியுமா?

வந்ததும், வரப் போவதும்

வளரும் ஊரை நம்பக் கூடாது என்பதல்ல. தாம்பரமே ஒரு காலத்தில் ஊருக்கு வெளியேதான் இருந்தது. 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. காத்திருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. ஆனால் எத்தனை ஆண்டுகள் கழித்து என்பதையும் பார்க்க வேண்டும்.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைப் பாருங்கள். 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2023 டிசம்பர் 30-ந் தேதி திறந்தார்கள். ஏறக்குறைய 5 ஆண்டுகள் ஆயின. திறந்த அன்று, பக்கத்தில் இறங்க ரயில் நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கித்தான் போக வேண்டியிருந்தது.

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் 'வந்தது' என்று எழுதுங்கள். மற்றதில் 'வரப் போவது' என்று எழுதுங்கள். 'வந்தது' மட்டுமே உங்களுக்குப் போதுமானால் மனையை வாங்கலாம். 'வரப் போவது' வந்தால்தான் வாழ முடியும் என்றால் யோசியுங்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஐந்து ஆண்டில் எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவான். பள்ளிக்கூடம் வரும் வரை அவன் வளராமல் இருக்க மாட்டான்.

மழை நாளில் போய்ப் பாருங்கள்

வெயில் நாளில் எல்லா மனையும் ஒன்று போலத்தான் இருக்கும். மழை பெய்தால்தான் மேடு எது, பள்ளம் எது என்று தெரியும்.

2015 டிசம்பர் 1-ந் தேதியைச் சென்னை மக்கள் மறக்க மாட்டார்கள். அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர் மழை பெய்தது. அடையாறு பொங்கியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளை வெள்ளம் சூழ்ந்தது. மக்களைப் படகில் ஏற்றி மீட்டார்கள். பாடுபட்டுச் சேர்த்த பாத்திரம், பண்டம், பிள்ளைகளின் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் நனைந்தன. 2021 மழையிலும் அந்தப் பக்கத்துத் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் புகுந்தது.

இதற்குக் காரணம் மழை மட்டுமல்ல. அந்தக் காலத்தில் ஒரு ஏரி நிரம்பினால் அதன் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். கடைசியில் ஆற்றில் சேரும். அந்தக் கால்வாய் வீட்டு மனையாக மாறினால் தண்ணீர் எங்கே போகும்? பழைய வழியைத் தேடி வீட்டுக்குள் வரும்.

ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் கவனியுங்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஏரிக்கரைத் தெரு என்று இருந்தால் ஏரி எங்கே என்று கேளுங்கள். எதிர் வீட்டுச் சுவரைப் பாருங்கள். வெள்ளம் நின்ற கறை இருக்கும். டீக்கடையில் உட்கார்ந்து, "2015-ல் இங்கே தண்ணீர் எதுவரை நின்றது?" என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார்.

குடிக்கும் தண்ணீர்

மழைக் காலத்தில் தண்ணீர் மிதமிஞ்சி இருக்கிற ஊரிலேயே, கோடையில் குடங்கள் வரிசையில் நிற்கலாம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது நகரங்களுக்கு அரசு வைத்திருக்கும் அளவு. 5 பேர் குடும்பத்துக்கு 675 லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் லாரித் தண்ணீர் வாங்கினால் 18 நாள்கூட முழுதாக வராது.

ஆகவே பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஆழ்குழாய்க் கிணறு எத்தனை அடி? சித்திரையில் தண்ணீர் வருகிறதா? உப்பா, நல்ல தண்ணீரா? லாரிக்கும் கேனுக்கும் மாதம் என்ன செலவு? கழிவுநீர்க் குழாய் இருக்கிறதா, தொட்டிதானா?

வரி கட்டுவது யாரிடம் என்றும் கேளுங்கள். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது பெருங்களத்தூர் அதில் சேர்ந்தது. பக்கத்தில் இருக்கும் முடிச்சூர் அப்போது ஊராட்சியாகவே இருந்தது. குழாய்க்கும் குப்பைக்கும் யாரிடம் போய் நிற்பது என்பது எல்லைக் கோட்டைப் பொறுத்தது.

பத்திரம் பேசட்டும்

'பஞ்சாயத்து அங்கீகாரம் பெற்ற மனை' என்று யாராவது சொன்னால் உஷார்! மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்க வேண்டியது சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககம். அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்த மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் விதிகள் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவாக இருந்தால், 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி அதையும் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 30 ஆண்டு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். நிலம் நீர்நிலைப் புறம்போக்கா என்பதை 'அ' பதிவேட்டில் பார்க்கலாம். இவற்றைச் செல்போனிலேயே பார்க்க முடியும். தெரியாவிட்டால் படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் போகாது.

பதிவுச் செலவையும் ஒதுக்கி வையுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் மனைக்கு 90 ஆயிரம் ரூபாய். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 10 ஆயிரம் ரூபாய் மிச்சம்.

பால் காய்ச்சும் நாள்

நாம் சொன்ன குடும்பம் என்ன செய்யலாம்?

மூத்த மகளுக்கு அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பரீட்சை. இந்த நேரத்தில் பள்ளிக்கூடம் மாற்றக் கூடாது. ஆகவே பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கலாம். அதற்குள் ஒரு மழைக் காலம் வரும். நல்ல மழையில் குடையோடு போய் மனையைப் பார்க்கலாம். ஒரு தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மூன்று தெரு தள்ளி மேட்டில் தரை காய்ந்திருக்கும். விலை சற்று அதிகம்தான். அந்த வித்தியாசம் ஏன் என்று அப்போது புரியும்.

பிறகும் அவசரம் வேண்டாம். அதே பகுதியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்க்கலாம். கோடையும் மழையும் கடந்துவிடும். கணவனுக்கு ரயில் பழகுமா என்று தெரியும். மனைவிக்குத் தையல் வேலை கிடைக்குமா என்று தெரியும். பிடிக்காவிட்டால் முன்பணத்தை வாங்கிக் கொண்டு திரும்பிவிடலாம். வாங்கிய மனையை அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாது.

தாயாரின் கேள்விக்கும் பதில் வேண்டும். ஓர் இரவு 11 மணிக்கு ஆட்டோ பிடித்து, இரவிலும் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். 108 ஆம்புலன்ஸ் தெருவுக்குள் நுழைய முடியுமா, கதவு எண் சொன்னால் கண்டுபிடிக்க முடியுமா என்றும் பாருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கைத் தாயாரிடம் சொல்லுங்கள்.

"அப்படின்னா சரி. நல்ல நாள் பாரு. பால் காய்ச்சிடலாம்" என்று அவர் சொன்னால், அந்த ஊர் உங்கள் குடும்பத்துக்கு ஒத்து வரும்.