வளர்ந்தோர்க்கும் ஒரு பள்ளி

வேலியோரத்து எருக்கிலையைத் தின்னும் வரிப்புழு எதுவாக மாறும் என்று பிள்ளை வினவினால், நம்மில் எத்தனை பேர் விடை பகர்வோம்?

இக்குறையைப் போக்க அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஒரு வழி கண்டுள்ளது. அம்மாநில வனவுயிர்த் துறையும் வேளாண் விரிவாக்கப் பணியகமும் இணைந்து 1998ஆம் ஆண்டு முதல் வளர்ந்தோர்க்கு இயற்கையியல் பயிற்சி அளித்து வருகின்றன. இல்லத்தரசியரும் ஓய்வு பெற்றோரும் தத்தம் வட்டாரத்து மண், நீர், புல், பூச்சி, பறவை ஆகியவற்றைக் குறைந்தது 40 மணி நேரம் கற்கின்றனர். அதன்பின் 40 மணி நேரம் ஊதியமின்றித் தொண்டும் ஆற்ற வேண்டும். அதன் பின்னரே சான்றிதழ்.

ஏன் இந்நிபந்தனை? அங்கு நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தனியார்க்கு உரியது. ஆகவே இயற்கையின் வாழ்வும் தாழ்வும் வீட்டாரின் கையிலேயே உள்ளன. இலையுதிர் காலத்தில் அவ்வழியே மெக்சிகோவுக்குப் பறந்து செல்லும் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள், நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பாற்செடிகளையன்றி வேறொன்றை உண்டு வளர்வதில்லை. அச்செடியைக் களையென வெட்டியெறிபவர் தீயவரல்லர், அறியாதவரே. அறிந்தபின் அரிவாள் தயங்கும்.

நம் எருக்கிலும் அதே இனத்து உறவினராகிய வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் மேய்கின்றன. வாசகரே, சான்றிதழுக்குக் காத்திராமல், இம்மாலையே பிள்ளையின் கைப்பிடித்து அவற்றைத் தேடிச் செல்லுங்கள்.