கோட்டையில ஏறியாச்சு... கிராம சபையில உட்கார்ந்தாச்சா?

சங்ககிரின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சேலம் - கோவை பைபாஸ், வரிசையா நிக்கிற லாரிங்க, அப்புறம் அந்த மலைக்கோட்டை. ஞாயித்துக்கிழமை காலையில ஏறி, உச்சியில ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டா வேலை முடிஞ்சது!

அடுத்த முறை ஏறும்போது கீழேயும் ஒரு பார்வை பாருங்க. சின்னச் சின்னதா தெரியுற அந்தக் கிராமங்களை யார் நிர்வாகம் பண்றாங்க? தெருவிளக்கு எரியலைன்னா யார்கிட்ட கேக்கணும்? அந்தக் கதை, நீங்க நிக்கிற கோட்டையிலேர்ந்தே ஆரம்பிக்குது.

வரி மட்டும் மேல போன காலம்

கொங்கு நாட்டு வரிப்பணத்தை மைசூருக்குக் கொண்டுபோன ஆட்களை மடக்கி, 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல ஒரு சின்னமலை பறிச்சுக்கிட்டான்னு சொல்லு'ன்னு தீரன் சின்னமலை சொன்னதா ஒரு கதை உண்டு. அதே சின்னமலையை 1805-ல் ஆங்கிலேயர்கள் தூக்கிலிட்டது இந்தச் சங்ககிரிக் கோட்டையில்தான்.

அதுக்கு முன்னாடியே, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி திப்பு சுல்தான்கிட்ட இருந்து சேலம் பகுதி கிழக்கிந்திய கம்பெனி கைக்கு வந்துடுச்சு. அலெக்சாண்டர் ரீட் கலெக்டரா வந்தார். அவருக்கு உதவியாளரா இருந்த தாமஸ் மன்றோ, பின்னாடி சென்னை மாகாண கவர்னரே ஆனார். நிலத்தை அளந்து, ஒவ்வொரு விவசாயிகிட்டயும் நேரடியா வரி வாங்குற ரயத்துவாரி முறை இவங்க காலத்துல இந்தப் பக்கம்தான் உருவாச்சு.

கிராமத்துல மணியக்காரர் வரி வசூலிப்பார், கர்ணம் கணக்கு எழுதுவார். பெரும்பாலும் பரம்பரைப் பதவி. பணம் ஊரைவிட்டுப் போகும். அதை எப்படிச் செலவு பண்ணணும்னு கேக்குற உரிமை மட்டும் ஊருக்கு இல்லை.

ஊர் கைக்கு வந்த அதிகாரம்

1920-ல் சென்னை மாகாணத்துல கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 1980-ல் எம்.ஜி.ஆர் ஆட்சி மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழிச்சு, வி.ஏ.ஓ-க்களைக் கொண்டுவந்தது. பெரிய திருப்பம் 1993-ல் நடந்தது. 73-வது அரசியல் சட்டத் திருத்தம், அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை பஞ்சாயத்துத் தேர்தலைக் கட்டாயமாக்கியது. அடுத்த வருஷமே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது.

இன்னிக்கும் பலருக்கு வர்ற குழப்பம் ஒண்ணு இருக்கு. வி.ஏ.ஓ வருவாய்த் துறை ஆள். பட்டா, சான்றிதழ் விஷயங்களுக்கு அவர். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, வீட்டு வரி இதெல்லாம் ஊராட்சி வேலை. அதுக்கு மேல ஊராட்சி ஒன்றியம், அதுக்கும் மேல மாவட்ட ஊராட்சி. சங்ககிரி டவுன் நகர்ப்புற உள்ளாட்சியில வரும். சுத்தியிருக்கிற கிராமங்கள் ஊராட்சிகளா, ஒன்றியத்துக்குள்ள வரும்.

இப்போ நாற்காலியில யாரு?

சேலம் மாவட்டக் கிராமங்களுக்குக் கடைசியா 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்தது. அப்போ ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சது. உடனே தேர்தல் நடக்கலை. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போச்சு. இது முதல் தடவையும் இல்லை. 2016-ல் பதவிக்காலம் முடிஞ்சப்போவும், அடுத்த தேர்தல் வர்றதுக்குள்ள மூணு வருஷத்துக்கு மேல ஆகிடுச்சு.

பஞ்சாயத்துத் தலைவர்னா டீக்கடையிலயே பிடிச்சு, "அண்ணே, தண்ணி வரலையே"ன்னு கேட்டுடலாம். தனி அலுவலரை அப்படிப் பிடிக்க முடியுமா? அதனாலதான் கிராம சபை இப்போ ரொம்ப முக்கியம். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் பதவிக்காலம் உண்டு. கிராம சபைக்கு அது கிடையாது. ஏன்னா அதுல உறுப்பினர் நீங்கதான்! ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா போதும்.

போய் என்ன பண்றது?

குடியரசு தினம், மார்ச் 22 தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம்னு வருஷத்துக்கு ஆறு கூட்டம். வரவு செலவுக் கணக்கை அங்க வைக்கணும். "போர்வெல் மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு செலவாச்சு?", "அரசு வீட்டுத் திட்டப் பட்டியல்ல யார் யார் பேர் இருக்கு?"ன்னு தாராளமா கேக்கலாம். உங்க கோரிக்கையைத் தீர்மானமா எழுதச் சொல்லலாம். எழுதினப்புறம் வாசிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. வெத்துப் பக்கத்துல மட்டும் போட்டுடாதீங்க.

ஆள் எண்ணிக்கையும் முக்கியம். 500 பேர் வரை இருக்கிற ஊராட்சியில 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதுக்கு மேலன்னா 300 பேர் வரணும்.

'நாலு பேர் பேசி என்ன ஆகப்போகுது'ன்னு தோணுதா? ஒடிசாவுல நியம்கிரி மலையில பாக்சைட் சுரங்கம் வரலாமான்னு கிராம சபைகளே முடிவு பண்ணட்டும்னு 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடின 12 கிராம சபைகளும் 'வேண்டாம்'னு சொன்னாங்க. மலை தப்பிச்சது.

அன்னிக்கு நம்ம கிராமங்கள்ல இருந்து வரி மட்டும்தான் மேல போச்சு. இன்னிக்குக் கேள்வியும் போகலாம். அடுத்த ஆகஸ்ட் 15 லீவுல கோட்டைக்கு சாயங்காலமா ஏறிக்கலாம். காலையில கிராம சபைக்கு ஒரு எட்டு போய்ட்டு வாங்க!