டிஸ்லெக்சியாவும் தமிழ் வாசிப்பும் – ஒரு நோக்கு

வாயாற் கேட்டால் தெளிவாக விடை கூறும் பிள்ளை, அதே விடயத்தைப் புத்தகத்தில் வாசிக்குமாறு பணித்ததும் திணறி நிற்பதை நம் ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். அத்தகைய பிள்ளைக்கு ‘மொக்கு’, ‘கவனமில்லாதது’, ‘சோம்பேறி’ எனப் பட்டஞ் சூட்டுவது வழக்கமாகிவிட்டது. இச்சொற்களால் எதுவும் விளக்கப்படுவதில்லை. பிள்ளைமீது தீர்ப்பு மட்டும் வழங்கப்படுகின்றது. நரம்பியல் வளர்ச்சியில் வேறுபட்ட பிள்ளைகள் பல வகையினர். அவர்களுள் வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளையைப் பற்றியே ஈண்டு நோக்க முயல்கின்றோம். எழுத்துப் பரீட்சையை அச்சாணியாகக் கொண்ட நமது கல்விமுறையில் இப்பிள்ளையே மிக எளிதாகப் புறந்தள்ளப்படுகின்றது.

1896 இல் பிறிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். கணக்கில் இடர்ப்படாத அச்சிறுவன் தன் பெயரையே எழுத்து மாறி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடைபெறுமாயின் பாடசாலையிலேயே இவன்தான் முதன்மையானவனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. மருத்துவர் இதனைப் பிறவிச் சொற்குருடு என வகைப்படுத்தினார். சொல்லின் வடிவம் நினைவிற் பதியாமையே காரணமென எண்ணினார். கண்ணோடு தொடர்புறுத்திய இவ்விளக்கம் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆங்கிலத்தின் ‘பி’, ‘டி’ சிற்றெழுத்துகளை இடம்வலமாக மாற்றி எழுதுவதே டிஸ்லெக்சியா என்னும் பரவலான எண்ணமும் இதனைச் சார்ந்ததே. 1970களின் பின் எழுந்த ஆய்வுகள் பிரச்சினையின் மையத்தைச் செவிப்புலனும் மொழியும் சந்திக்கும் இடத்திற்கு நகர்த்தின. பேச்சொலியைக் கூறுகளாகப் பகுத்துணர்ந்து, அவற்றை எழுத்தோடு விரைந்து இணைப்பதிலேயே இப்பிள்ளைகள் பெரும்பாலும் தடைப்படுகின்றனர். அறிவாற்றலுக்கும் இத்தடைக்கும் நேரடித் தொடர்பில்லை. இது குடும்பவழி வருவதும் உண்டு. ஆகையால், மகனை அடித்து வாசிக்க வைக்கும் தந்தை தமது பள்ளிப் பருவத்தை ஒருகணம் நினைத்துப் பார்ப்பது நன்று.

பேச்சு மனித இனத்தோடு ஒன்றிய ஆற்றல். எழுத்தோ ஏறத்தாழ 5000 ஆண்டுப் பழைமையே கொண்ட சமூகக் கண்டுபிடிப்பு. அதற்கெனத் தனியாக மூளையில் இயற்கை எதையும் ஒதுக்கி வைக்கவில்லை. பிற பணிகளுக்கு அமைந்த பகுதிகளை ஒவ்வொரு பிள்ளையும் புதிதாக இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அவ்விணைப்பு எல்லோரிடத்தும் ஒரே வேகத்தில் நிகழுமென எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை.

தமிழ்ச் சூழலுக்கு வருங்கால், ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்ட விவரணங்களை அப்படியே ஏற்பது தவறான முடிவுகளுக்கே இட்டுச் செல்லும். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு மிகக் குழப்பமானது. இவ்வுறவு சீராக அமைந்த பின்னிஷ், இத்தாலியம் முதலிய மொழிகளில் டிஸ்லெக்சியா உடைய பிள்ளைகள் பிழைபட வாசிப்பது குறைவு. தாமதமாக வாசிப்பதே முதன்மையான அறிகுறி. தமிழும் வாசிப்பைப் பொறுத்தவரை பெரிதும் சீரானதே. எனவே ‘பிழையில்லாமல் வாசிக்கிறான்தானே, கொஞ்சம் மெதுவு’ என ஒதுக்கப்படும் பிள்ளையிடத்தே இவ்விடர் மறைந்திருத்தல் கூடும்.

ஆயின் சீர்மை என்பது எளிமையாகாது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளை நம் பிள்ளை எதிர்கொள்கின்றது. உகர வரிசையில் கு, சு, து, மு என ஒரே உயிரொலி ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு வடிவிற் சேர்கின்றது. ‘கொ’ என்பதில் முதலில் ஒலிப்பது ககர மெய். கை முதலில் எழுதுவதோ கொம்பு. அதன்பின் ககரம், இறுதியில் அரவு. ஒலியின் ஒழுங்கும் எழுத்தின் ஒழுங்கும் இங்கு முரண்படுகின்றன. கன்னட எழுத்தைப் பயிலும் சிறுவரை ஆராய்ந்து 2007 இல் சொனாலி நாக் வெளியிட்ட ஆய்வு, இவ்வகை எழுத்துமுறைகளைக் கற்றுத் தேறப் பல ஆண்டுகள் செல்லும் என்பதைப் புலப்படுத்தியது. முதலாந் தரத்திலேயே ‘எழுத்துத் தெரியாதவன்’ என முத்திரை குத்தும் அவசரம் எத்துணைப் பொருத்தமற்றது என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றோடு நமது இரட்டை வழக்கும் சேர்கின்றது. வீட்டில் ‘வாறன்’ என்று பேசும் பிள்ளை பாடநூலில் ‘வருகின்றேன்’ என்பதைக் காண்கின்றது. தான் ஒருபோதும் பேசாத சொல்லை எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கின்றது. ஈழத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், அவற்றை மாற்றி எழுதுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பிழையே (பட்டதாரிகளும் இதற்கு விலக்கல்லர்!). அதைக்கொண்டு ஒரு பிள்ளையை நோயாளியாக்குதல் ஆகாது. பழகிய எழுத்துகளையே மீண்டும் மீண்டும் மறத்தல், ‘பட்டம்’ என்பதில் முதலொலியை நீக்கிச் சொல்ல இயலாமை, பயிற்சிக்குப் பின்னும் எழுத்தெழுத்தாகவே வாசித்தல் ஆகியன தொடர்ந்து காணப்படின் ஐயுறல் வேண்டும். கண்பார்வையும் செவிப்புலனும் முதலிற் சோதிக்கப்படுதல் அவசியம்.

1930களில் அமெரிக்காவில் அன்னா கில்லிங்ஹாம், சாமுவேல் ஓட்டன் என்பாரின் கருத்துகளை அடியொற்றி வகுத்த கற்பித்தல் முறை, கண், செவி, கை மூன்றையும் ஒருசேரப் பயன்படுத்துவது. ஒலியைச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதும் நமது திண்ணைப் பள்ளிப் பழக்கம் இதனை நினைவூட்டும். எனினும் பழைமையைப் போற்றிப் பாடும் நோக்கம் நமக்கில்லை: அத்திண்ணையில் பிரம்பும் இருந்தது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு அங்கு இடமும் இருக்கவில்லை. மணல் பயன்படும், பிரம்பு பயன்படாது. வகுப்பின் முன் நிறுத்தி உரத்து வாசிக்கச் செய்யாதிருத்தல், வாய்மொழி விடையை ஏற்றல், எழுதுவதற்குக் கூடிய நேரம் அளித்தல் என்பன பணச்செலவற்ற மாற்றங்களே. வீட்டில் நாள்தோறும் பத்து நிமிடம் பெற்றோரோ மூத்த சகோதரரோ கதையொன்றை வாசித்துக் காட்டுவது, இரவு பத்து மணிவரை ‘பாடம் பண்ண’ வைப்பதிலும் பயன் தரும்.

1976 இல் பிரித்தானியாவில் ஊனமுற்றோர் சங்கமொன்று, உடற்குறை வேறு, அக்குறையுடையோர்மீது சமூகம் சுமத்தும் இயலாமை வேறு என வரையறுத்தது. 1990களின் இறுதியில் எழுந்த நரம்பியற் பன்மை என்னும் கருத்து இதன் வழிவந்ததே. நாம் இதனைப் பெரிதும் ஏற்கின்றோம். எனினும் தடை முழுவதையும் சமூகத்தின் ஆக்கமெனக் கூறிவிட்டு, பிள்ளைக்கு வேண்டிய முறையான பயிற்சியைக் கைவிடுதல் ஏற்புடைத்தன்று. 1945 முதல் இலவசக் கல்வி நிலவும் இந்நாட்டில் வசதியுடையோர் தனிப்பட்ட ஆசிரியரை அமர்த்தி இக்குறையை ஓரளவு ஈடுசெய்வர். தோட்டத்துத் தொழிலாளியின் பிள்ளையோ ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையோடு தன்னைத் தானே மொக்கென நம்பத் தொடங்கிவிடுகின்றது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் ஊனமுற்றோரின் உரிமைகளைப் பேசுகின்றது. ஆசிரியருக்கு இப்பிள்ளையை இனங்காணும் பயிற்சி இல்லாதவிடத்து அச்சட்டம் வகுப்பறையை எட்டாது.

ஆங்கிலச் சோதனைத்தாளைத் தமிழாக்கிப் பிள்ளையிடம் கொடுப்பதால் பயன் விளையாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் எனப் பேச்சு வழக்குகள் வேறுபடுவதால், அவ்வவ் வழக்கிலிருந்தே சோதனைச் சொற்கள் தேர்ந்தெடுக்கப்படுதல் வேண்டும். அதற்கு முதற்படியாக, ஆசிரியர்கள் சிவப்பு மையாற் கோடிட்டு மூடிவிடும் அப்பியாசக் கொப்பிகளிலுள்ள பிழைகளைத் தரவாரியாகத் தொகுத்து வகைப்படுத்துதல் நம் பல்கலைக்கழக மொழியியல், கல்வியியல் மாணவர்க்கு இயலக்கூடிய பணியே.