கடல் கைவிட்ட நகரம்

செல்வத்தால் புகழ் பெற்ற நகரங்கள் பல உண்டு. செல்வம் போன பின்பும் புகழ் குன்றாத நகரங்கள் சிலவே. பெல்ஜியம் நாட்டின் மேற்குப் பிளாண்டர்ஸ் மாகாணத் தலைநகரான புரூஜ் அவற்றுள் ஒன்று. 1897-ல் கடல் கடந்து வந்து, இன்றைய குமரி மாவட்டத்து முளகுமூட்டில் அனாதைக் குழந்தைகளுக்குத் தாயாக விளங்கிய அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர் பிறந்ததும் இம்மாகாணத்திலேதான். ஆகவே அந்த மண் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

1134-ல் வீசிய பெரும் புயல் கடற்கரையை உடைத்து, ஸ்வின் என்னும் கால்வாயைத் திறந்துவிட்டது. அவ்வழியே கப்பல்கள் நகரின் அருகே வந்தன. இங்கிலாந்தின் கம்பளியும், இத்தாலியர் கொணர்ந்த பட்டும் வாசனைப் பொருள்களும் இங்கே கைமாறின. செல்வம் கலையையும் வளர்த்தது. ஓவியர் யான் வான் ஐக் இங்கு வாழ்ந்து 1441-ல் மறைந்தார். மைக்கேலாஞ்சலோ செதுக்கிய பளிங்கு மாதா சுரூபத்தை இந்நகரத்துத் துணி வணிகர் குடும்பம் வாங்கியது. 1944-ல் ஜெர்மானியர் கவர்ந்து சென்ற அச்சுரூபம், 1945-ல் ஆஸ்திரிய உப்புச் சுரங்கம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டு, மீண்டும் மாதா கோவிலுக்கு வந்து சேர்ந்தது.

கொடுத்த கடலே பின்னர் கையை இழுத்துக்கொண்டது. ஸ்வின் கால்வாயில் மணலும் சேறும் சேர்ந்தன. 1500-ஆம் ஆண்டு வாக்கில் பெரிய கப்பல்கள் வர இயலவில்லை. வணிகர்கள் ஆன்ட்வெர்ப் நகருக்குப் பெயர்ந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் புரூஜ், பெல்ஜியத்தின் மிக வறிய நகரங்களுள் ஒன்றாயிற்று.

அந்த வறுமைக் காலத்தில் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது லேஸ் பின்னல். நம் வயதுச் சிறுமியரும் லேஸ் பள்ளிகளில் அமர்ந்தனர். மடியில் தலையணை, அதன்மேல் குத்திய ஊசிகள், நூல் சுற்றிய மரக் கட்டைகள். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டு, விடிந்தது முதல் பின்னினர். சீமாட்டிகளின் கழுத்தை அலங்கரித்த அந்தப் பின்னலுக்கு அவர்கள் பெற்ற கூலியோ மிகச் சொற்பம். அவர்களது பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

விந்தை என்னவெனில், அதே வறுமைதான் நகரைக் காத்தது. பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டப் பணமில்லாததால், அவை அப்படியே நின்றன. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, இந்நகரின் பழைய பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1907-ல் ஸீபுரூஜ் துறைமுகம் திறக்கப்பட்டதும் கப்பல்களும் திரும்பின.

இன்றும் 83 மீட்டர் உயரக் கோபுரத்தில் 47 மணிகள் இசைக்கின்றன. ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளன்று திரு இரத்தப் பவனி வீதிகளில் செல்கிறது. 1245-ல் பெண்கள் கூடி வாழ்ந்து செபிக்கவென அமைந்த பெகுயின் இல்லத்தில், 1927 முதல் பெனடிக்ட் சபைக் கன்னியர் வாழ்கின்றனர். லேஸ் பின்னலும் அழியவில்லை. விரும்பி வருவோருக்கு அதைக் கற்பிக்கும் நிலையம் ஒன்று அங்கே உண்டு.

தோழியரே, புரூஜின் வரலாற்றில் வணிகரையும் ஓவியரையும் படிக்கும்போது, அந்தச் சிறுமியரின் விரல்களையும் நினைவில் கொள்வோம். நகரம் வீழ்ந்து கிடந்த நாள்களில் அடுப்பு அணையாமல் காத்தவர்கள் அவர்களே.